பெயரை மாற்றலாம், பழகியவரைத் தவிக்கவிடலாமா?

நமக்குப் பெயர் சூட்டுகிறவர்கள் பெற்றோர். ஆனால் அப்பெயரைச் சொல்லி அழைப்பவர்கள் ஊரார் அனைவரும் அன்றோ? ஒரு நாள் காலையில் "இனி அந்தப் பெயர் செல்லாது" என்றால், தடுமாறுபவர்கள் அழைப்பவர்களே. கணினி உலகிலும் இத்தகைய தடுமாற்றம் உண்டு. அதைக் குறித்து எங்கள் எண்ணத்தை இங்கே வைக்கிறோம்.

ஆயிரம் கோப்புகளுக்குள் ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு 'கிரெப்' என்றொரு கட்டளை உள்ளது. அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் என்னும் அறிஞர் அதை எழுதினார். 1973-ஆம் ஆண்டின் யூனிக்ஸ் நான்காம் பதிப்பில் அது இடம்பெற்றது. பின்னர் ஆல்பிரட் ஏஹோ என்பவர் அதற்கு இரு தங்கைகளைத் தந்தார். சிக்கலான வடிவங்களைத் தேடுபவள் 'ஈகிரெப்'. எழுத்துகளை உள்ளது உள்ளபடியே தேடுபவள் 'எஃப்கிரெப்'.

காலப்போக்கில் தங்கைகளின் வேலையையும் அக்காளே செய்யத் தொடங்கினாள். கிரெப் என்று எழுதி, ஒரு சிறு கோடும் பெரிய 'ஈ' அல்லது 'எஃப்' எழுத்தும் சேர்த்தால் போதும். இவ்வாறு சேர்க்கும் எழுத்துகளுக்கு 'ஆப்ஷன்' என்று பெயர். ஒரு வேலைக்கு மூன்று கட்டளைகள் எதற்கு என்று எண்ணிய குனூ அமைப்பினர், பழைய இரு பெயர்களையும் கைவிடத்தக்கவை என 2007-ஆம் ஆண்டிலேயே அறிவித்தனர். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான 3.8-ஆம் பதிப்பு முதல், பழைய பெயரைத் தட்டினால் திரையில் ஓர் எச்சரிக்கை வரி தோன்றலாயிற்று.

எங்கள் கணினி அறையில் முந்தைய வகுப்பு அக்காமார் எழுதி வைத்த செய்முறைக் குறிப்பேடு ஒன்று உண்டு. அதில் 'ஈகிரெப்' என்றே இருந்தது. அப்படியே தட்டினோம். எச்சரிக்கை வந்ததும் எங்களில் ஒருத்தி விசைப்பலகையிலிருந்து சட்டெனக் கையை எடுத்துவிட்டு, "சிஸ்டர், நான் ஒன்றுமே செய்யவில்லை!" என்றாள். அந்த வரிக்குக் கீழே விடை சரியாகத்தான் வந்திருந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை.

இதைச் சிறு செய்தி என்று சிலர் சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. புதிதாகக் கற்பவள் திரையில் காணும் கண்டிப்பையெல்லாம் தன் பிழை என்றே நினைக்கிறாள். பயந்தவள் மறுபடியும் அந்த நாற்காலியில் உட்காரத் தயங்குவாள். அன்றியும், விடையையும் பிழைச் செய்திகளையும் ஒரே கோப்பில் சேர்க்குமாறு முன்பே எழுதப்பட்ட கட்டளைத் தொகுப்புகளில், கேளாத வரி ஒன்று விடையோடு கலந்துவிடுகிறது.

அப்படியானால் எதையும் மாற்றவே கூடாதா? நாங்கள் அவ்வாறு சொல்லவில்லை. பழையவை கழிவதற்கும் புதியவை புகுவதற்கும் நம் நன்னூலாரே இலக்கணத்தில் இடம் தந்திருக்கிறார். ஆனால் அதைக் காலத்தின் வேலையாகவே சொன்னார். குனூ அமைப்பினரும் பதினைந்து ஆண்டுகள் பொறுத்தார்கள். எச்சரிக்கை வரியிலேயே புதிய முறையையும் காட்டினார்கள். பழைய பெயரை வேலை செய்யவும் விட்டார்கள். அதற்கு நன்றி கூறுவதே முறை. அவ்வரி இன்னும் கனிவாக, "உன் விடை சரியே, அடுத்த முறை இப்படி எழுது" என்று சொல்லியிருக்கலாம் என்பதே எங்கள் குறை.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. பழைய எழுத்துக்குப் புதிய பொருள் கொடுப்பதே அது. கிரெப்பில் பெரிய 'எல்' சேர்த்தால், தேடிய சொல் இல்லாத கோப்புகளின் பெயர்கள் வரும். 2016-இல் வெளிவந்த 'ரிப்கிரெப்' என்னும் விரைவான கருவியிலோ, அதே எழுத்து குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடரச் சொல்வதாகும். அங்கே தேடிய சொல் உள்ள வரிகளே வந்து நிற்கும். பழக்கத்தால் தட்டியவளுக்குக் கேள்விக்கு நேர்மாறான விடை! கருவியைப் படைத்தவருக்குத் தம் விருப்பம்போல் எழுத்துகளைத் தேர்ந்துகொள்ள உரிமை உண்டு. கையேட்டிலும் அதை விளக்கியே இருக்கிறார்கள். ஆயினும் விரல்கள் கையேட்டைப் படிப்பதில்லையே! நீக்கப்பட்ட பெயர் பிழை என்று உரக்கச் சொல்லிவிடும். பொருள் மாறிய எழுத்தோ வாய் திறவாமல் ஏமாற்றிவிடும்.

ஆகவே, கருவி செய்வோரை நாங்கள் வேண்டுவது இவ்வளவே. மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய பெயரைச் சில காலம் வாழவிடுங்கள். பழகிய எழுத்துக்கு வேறு பொருள் தருமுன் இருமுறை எண்ணுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராதே என்பதற்கு கிரெப்பில் 'ஒய்' என்ற பழைய எழுத்து ஒன்று இருக்கிறது. இப்போது 'ஐ' என்பதே முறை. இருந்தும், பழகியவர்களுக்காக 'ஒய்' இன்றும் ஏற்கப்படுகிறது. இதுவல்லவோ பண்பு!

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்று செய்தோம். அந்தக் குறிப்பேட்டில் அக்காமார் எழுதிய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே புதிய முறையை எழுதி, "எச்சரிக்கை வந்தால் பயப்படாதே, விடை கீழே இருக்கும்" என்றும் சேர்த்தோம். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் அமரும் தங்கைக்கு அது போதும்.