நோன்பின் மேல் பழி போடாதீர்கள்



"எனக்கு கேஸ்ட்ரைட்டிஸ், நோன்பு பிடிக்க ஏலாது." அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கண்டி டவுன் என்று எங்கு போனாலும் ரமழான் வந்தால் இந்தப் பேச்சுதான். நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணி தொண்டைக்கு வருகிறது, எல்லாவற்றுக்கும் நோன்புதான் காரணமாம். இந்தக் கதையை நாம் நிறுத்த வேண்டும்.

முதலில் நடப்பது என்ன? சாப்பாட்டுக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் அது கதவு மாதிரி மூடிக்கொள்ள வேண்டும். வயிற்றை மூட்டை போல நிரப்பினால், சாப்பிட்ட உடனே படுத்தால், தொப்பை கூடினால், சிகரெட் குடித்தால் அமிலம் அந்தக் கதவைத் தாண்டி மேலே ஏறும். இரைப்பைக்குள் அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. குழாய்க்கு அப்படி இல்லை. அதுதான் எரிகிறது.

இப்போது நம் ரமழானைப் பார்ப்போம். இப்தாரில் கஞ்சி, சமோசா, ரோல்ஸ், பெட்டிஸ். தராவீஹ் முடிந்து வந்து சோறு அல்லது கொத்து. அதோடு படுக்கை. சஹருக்கு எழும்பி மறுபடி வயிறு முட்டச் சாப்பிட்டு, சுபஹ் தொழுத கையோடு மறுபடி படுக்கை. வயிற்றை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று கற்றுத் தந்த நபியின் உம்மத் நாம். மூன்று பங்கையும் எண்ணெய்ப் பலகாரத்தால் நிரப்பிவிட்டு நோன்பைக் குறை சொல்வது எந்த நியாயம்?

ரமழான் முடிந்தால் திருந்துகிறோமா? வலீமாவில் இரவு பத்து மணிக்கு சஹன் வைக்கிறோம். "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று அள்ளிப் போடுவதை உபசரிப்பு என்கிறோம்.

பிறகு பாமசிக்கு ஓடுகிறோம். ஒமெப்ரசோல் எரியும்போது விழுங்கும் டொபி அல்ல. பொதுவாக சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் எடுக்க வேண்டிய மருந்து. டொக்டரைக் காணாமல் வருடக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் பி12, மக்னீசியம் குறையலாம். மூட்டு வலிக்கு டைக்ளோபினாக்கை நாமாக வாங்கிப் போடுவது இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். புண்ணுக்கு இன்னொரு காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமிக்கு மருந்து உண்டு. ஆனால் பரிசோதிக்காமல் யாருக்குத் தெரியும்?

உண்மையான நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. டொக்டர் நோன்பை விடச் சொன்னால் விட வேண்டும். அவரை யாரும் குறை பேசக் கூடாது. நாம் கேட்பது மற்றவர்களிடம்தான். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுவோம். சஹருக்கு அளவாகச் சாப்பிட்டு, சுபஹுக்குப் பிறகு கொஞ்சம் குர்ஆன் ஓதுவோம், நடப்போம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து அரை அடி உயர்த்துவோம். தலையணையை அடுக்குவதால் கழுத்து மட்டும்தான் வளையும். எடையைக் குறைப்போம். வலீமாச் சாப்பாட்டை இஷாவோடு முடிப்போம். இதைப் பள்ளி நிர்வாகங்கள் ஜும்ஆவில் சொல்லட்டும்.

விழுங்கக் கஷ்டம், கறுப்பாக மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிவது, இதில் ஒன்று இருந்தாலும் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ தாமதிக்காமல் போங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் பாரம், வியர்வை, மூச்சு முட்டல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் "காஸ்தான்" என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990க்கு அழையுங்கள், அம்பியூலன்ஸ் இலவசம். வாப்பாவை இழந்த பிறகு "காஸ் என்றுதான் நினைத்தோம்" என்று அழும் வீடு இனி நம் ஊரில் இருக்கக் கூடாது.

அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியத்தையும் அதைப் பேணும் புத்தியையும் தருவானாக. உங்கள் குடும்ப குரூப்களில் பகிருங்கள்.