கண் வந்து சேருமுன் ஆடி ஓயும் பக்கங்கள்

வலைப்பக்கம் திறந்த கணத்திலேயே அதிலுள்ள படங்களும் எழுத்துகளும் அசையத் தொடங்கிவிட வேண்டும், அப்போதுதான் வந்தவர் கண் அதில் நிலைக்கும் என்னும் நம்பிக்கை, கடைகளுக்கு இணையதளம் அமைத்துத் தருவோரிடமும் அதற்குப் பணம் கொடுக்கும் வணிகரிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்நம்பிக்கை தவறானது. தில்லியின் கரோல் பாக் போன்ற பழுத்த வணிகப் பகுதிக்கும் இதுவே ஏற்றது என்று கருதுவது இன்னும் பெரிய தவறு. ஏனெனில் அந்தக் கடைவீதியின் தொழில்முறையே இதற்கு நேர்மாறான பாடத்தைச் சொல்கிறது.

பேங்க் ஸ்ட்ரீட்டின் நகைக்கடைகளில், வாடிக்கையாளர் வந்து அமர்ந்து, அவர் தேடுவது ஆரமா வளையலா என்று தெரிந்த பிறகே பெட்டி திறக்கப்படுகிறது. அஜ்மல் கான் சாலையின் புடவைக் கடைகளிலும், எதிரே ஆள் உட்கார்ந்த பின்னரே விற்பனையாளர் மடிப்பை உதறி முந்தானையை விரித்துக் காட்டுகிறார். ஆள் வருமுன்பே எல்லாப் புடவைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, வந்தபின் மடித்துவைத்த கட்டுகளை மட்டும் காட்டும் கடைக்காரர் எவரும் இல்லை. ஆனால் அவர்களுக்காக எழுதப்படும் வலைப்பக்கங்கள் பலவும் இதைத்தான் செய்கின்றன.

நகைக்கடைப் பக்கமொன்றின் மூன்றாம் பகுதியில், ஓர் ஆரம் மூன்று விநாடிகளில் மெல்லச் சுழன்று நிற்குமாறு அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியாகிய சி.எஸ்.எஸ்.ஸில் வழக்கமான முறையில் எழுதப்படும் அசைவு, அதற்குரிய விதி அந்தப் படத்துக்குப் பொருந்திய உடனேயே தொடங்கிவிடும்; படம் திரையில் தெரிகிறதா, கீழே மறைந்திருக்கிறதா என்பதை அது பொருட்படுத்துவதில்லை. பார்வையாளர் முகப்பைப் படித்துவிட்டு, இருபதாம் விநாடியில் விரலால் தள்ளி அங்கு வந்து சேரும்போது, ஆரம் எப்போதோ சுழன்று ஓய்ந்திருக்கும்.

இக்குறையைத் தீர்க்கப் பலர் நாடுவது, 'அனிமேஷன்-டிலே' என்னும் தாமதக் கட்டளையில் ஐந்து, பத்து என்று விநாடிகளைக் கூட்டும் வழியாகும். இதுவும் அதே பிழையின் மறுவடிவமே. டாங்க் ரோட்டின் மொத்த விற்பனைக் கடையொன்றின் சரக்கைக் கைபேசியில் பார்க்கும் வெளியூர் வியாபாரி வேகமாகத் தள்ளிக்கொண்டு போவார். கல்யாண நகை பார்க்கும் குடும்பமோ ஒவ்வொரு படத்திலும் நின்று பேசும். இவ்விருவருக்கும் பொருந்தும் ஒரே எண் இருக்க முடியாது.

சரியான வழி கடினமானதும் அன்று. அசைவை 'அனிமேஷன்-பிளே-ஸ்டேட்' என்னும் பண்பால் முதலில் நிறுத்திவைத்து, ஓர் உறுப்பு திரையின் எல்லைக்குள் எவ்வளவு நுழைந்திருக்கிறது என்பதை உலாவியே கவனித்துச் சொல்லும் 'இன்டர்செக்‌ஷன் அப்சர்வர்' என்னும் வசதியைக் கொண்டு, பாதிப் படம் தெரிந்தவுடன் அதை ஓடவிடலாம். தொடங்கியபின் கண்காணிப்பை விலக்கிவிடலாம். இதற்குத் தேவைப்படுவது பத்துப் பதினைந்து வரி ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே. படம் மறைவிலிருந்து தோன்றும் வகை அசைவானால், நிரல் ஓடாமல் போனாலும் அது மறைந்தே இருந்துவிடாதபடி, தொடக்கத்தில் மறைத்துவைக்கும் வேலையையும் நிரலிடமே ஒப்படைப்பது கவனமுள்ளவர் கடைப்பிடிக்கும் முறையாகும்.

அசைவு கண்ணை இழுக்கும் என்ற வாதம் உண்மையே. ஆயினும் இழுக்கப்பட்ட கண் எதையும் படிப்பதில்லை என்பதும், உள்காதின் சமநிலைக் கோளாறு உடையவர்களுக்குத் திரையில் நிகழும் பெரிய அசைவுகள் தலைச்சுற்றலையும் குமட்டலையும் உண்டாக்கக்கூடும் என்பதும் அவ்வளவே உண்மை. தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து ஓடும் அசைவை நிறுத்தவோ மறைக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்று, 2008இல் வெளியான அணுகல்தன்மை நெறிமுறைகளான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.0 அடிப்படை நிலையிலேயே விதித்தது. அசைவைக் குறைக்குமாறு ஒருவர் தம் கைபேசியில் அமைத்திருந்தால், அதை 'பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்டு-மோஷன்' என்னும் வினவல் வழியே பக்கம் அறிந்துகொள்ள முடியும். இணையவழி அடையாளச் சரிபார்ப்பு பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்த பிறகும், பார்ப்பவரின் உடல்நிலையை அலங்காரத்துக்குக் கீழே வைக்கும் வழக்கம் எவ்வகையிலும் நியாயப்படுத்தத் தக்கதன்று.

பக்கம் இறங்கி முடியும் நேரம் இயந்திரத்தின் கணக்கு. பார்வை வந்து சேரும் நேரம் மனிதரின் கணக்கு. இரண்டும் ஒன்றே என்று கொண்டதுதான் இந்த நம்பிக்கையின் மூலப்பிழை. ஆகவே புதிய இணையதளத்துக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும் கரோல் பாக் வணிகர், எத்தனை அசைவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதை விட்டு, ஒவ்வோர் அசைவும் எப்போது தொடங்குகிறது, வேண்டாதவர் அதை எப்படி நிறுத்துவார் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். விடை சொல்ல முடியாத அசைவை, ஆள் வராத நேரத்தில் விரித்துப் போட்ட புடவையாகக் கருதி மடித்துவைக்கச் சொல்ல வேண்டும்.