ஆங்கில வார்த்தைகளுக்கும் ஓர் அஞ்சறைப் பெட்டி

மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பி.இ. முடித்து ஆறு வருஷம் ஆயிற்றாம். இரண்டரை வயதில் ஒரு பையன். அமெரிக்காவில் மேல்படிப்புப் படிக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஆசை. இப்போது கணவரே, "எழுதித்தான் பாரேன்" என்கிறாராம். ஜி.ஆர்.இ. பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று. நாலு மாதம் இருக்கிறது. கணக்குப் பகுதியில் பயமில்லை, இங்கிலீஷ்தான் உதைக்கிறது. பயிற்சி வகுப்பு ஒன்றில் மூவாயிரம் வார்த்தைப் பட்டியலைக் கையில் கொடுத்து, 'நெட்டுருப் போடுங்கள்' என்று அனுப்பிவிட்டார்களாம்.

"ஏ எழுத்தில் ஆரம்பிச்சு டிக்கு வர்றதுக்குள்ளே, ஏயில் படிச்சதெல்லாம் மறந்து போச்சு அக்கா. மாமியார் மத்தியானம் இரண்டு மணி நேரம்தான் பிள்ளையைப் பார்த்துப்பாங்க. இருபதாயிரத்துக்கு மேல கட்டியிருக்கு. விட்டுடலாமான்னு தோணுது" என்று முடிக்கிறார்.

விட வேண்டாம், அம்மா. அந்தப் பட்டியலை மட்டும் விடுங்கள்.

பட்டியலுக்கும் ஒரு காலம் இருந்தது. 2011 ஆகஸ்டுக்கு முன்னால் இந்தப் பரீட்சையில் ஒரு வார்த்தையைக் கொடுத்து எதிர்ப்பதம் கேட்பார்கள். 'பசுவுக்குக் கன்று போல ஆட்டுக்கு எது' என்ற ரகத்தில் ஜோடி சேர்க்கச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தவர்கள் பிழைத்தார்கள். 2011-இல் அந்த இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வார்த்தை தனியாக வருவதே இல்லை, வாக்கியத்துக்குள்தான் வரும். 2023 செப்டம்பரில் பரீட்சையையே சுருக்கி, மொத்தமும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற மாதிரி செய்தார்கள். இங்கிலீஷ் பகுதிக்கு 41 நிமிஷம், 27 கேள்விகள். முதல் பிரிவில் 18 நிமிஷத்துக்குப் 12 கேள்வி, அடுத்ததில் 23 நிமிஷத்துக்குப் 15. இதில் ஏறக்குறையப் பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. அப்படியிருக்க, மூவாயிரம் வார்த்தையை வாக்கியமில்லாமல் விழுங்கி என்ன பிரயோஜனம்?

ஒரு கேள்வி எப்படி இருக்கும் என்று தமிழிலேயே காட்டுகிறேன். 'வெளியில் எவ்வளவு கலகலப்பாகப் பேசினாலும் வீட்டில் அவர் ........; மனைவி கேட்பதற்கெல்லாம் தலையாட்டல்தான் பதில்.' கோடிட்ட இடத்துக்கு ஆறு வார்த்தைகள் தருவார்கள்: காருலஸ், டாசிடர்ன், ஃப்ரூகல், லொக்வேஷியஸ், ரெட்டிசென்ட், அஃபபிள். ஒரே அர்த்தம் வருகிற மாதிரி இரண்டைப் பொறுக்க வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் மார்க் கிடையாது.

காருலஸ், லொக்வேஷியஸ் இரண்டுமே வாயாடி என்று பொருள்படும். பட்டியல் படித்தவர், 'ஆஹா, ஜோடி கிடைத்துவிட்டது' என்று அவற்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஜோடி சரிதான், வாக்கியத்துக்குப் பொருந்தவில்லையே! 'பேசினாலும்' என்று வந்தவுடனேயே பின்பாதி திரும்பப் போகிறது என்று தெரிந்துவிட்டது. ஃப்ரூகல் என்றால் சிக்கனம். பேச்சில் சிக்கனம் என்று நாமே ஒட்டவைத்துக்கொள்ளத் தோன்றும், ஆனால் அதற்குத் துணை வார்த்தை அங்கே இல்லை. டாசிடர்ன், ரெட்டிசென்ட் இரண்டும் அதிகம் பேசாதவர். அவைதான் விடை. விடைகளைப் பார்க்கும் முன்பே, அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று தமிழிலாவது ஒரு வார்த்தை மனசில் போட்டுக்கொள்ளுங்கள். 'பேசாமடந்தை' என்று நினைத்துக்கொண்டு தேடினால் காருலஸ் பக்கம் கை போகாது.

இங்கே நம் பெண்கள் இடறுவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழில் 'பேசினாலும்', 'மழை பெய்தாலும்' என்று திருப்பம் வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. படித்த சூட்டில் அடுத்த பாதி வந்துவிடும். இங்கிலீஷில் 'ஆல்தோ', 'டிஸ்பைட்' என்று வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடுகிறார்கள். இருபது வார்த்தை தாண்டிப் போவதற்குள் அது மறந்தே போகிறது. நமக்கு 'நேற்று சந்தையில் வாங்கின கத்தரிக்காய்' என்று வர்ணனை முன்னால் வரும். அவர்களுக்குக் கத்தரிக்காய் முதலில், வர்ணனை பின்னால். அதற்கும் அப்பால் எங்கேயோ வினைச்சொல் உட்கார்ந்திருக்கும். ஆகவே தினம் பத்து வாக்கியத்தில் எழுவாய் எது, அதற்கு உரிய வினை எது, திருப்புகிற சொல் எது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான். ஒரு மாதத்தில் கண் தானாகவே போய் நிற்கும்.

வார்த்தைகளுக்கு வருவோம். தெரியாத வார்த்தைகளைவிட, தெரியும் என்று நினைக்கிற வார்த்தைகள்தான் ஆளைக் கவிழ்க்கும். 'செக்' என்றால் பாங்க் செக் மட்டுமல்ல, தடுத்து நிறுத்துவதும். 'ஃப்ளாக்' வினையாக வந்தால் சோர்ந்து தொய்வது. 'குவாலிஃபை' என்றால் சொன்ன கருத்துக்கு வரம்பு கட்டுவது. 'சாங்க்ஷன்' இன்னும் மோசம். அனுமதி கொடுப்பதும் அதுவே, தண்டனை விதிப்பதும் அதுவே. 'எனர்வேட்' காதுக்கு எனர்ஜி மாதிரி கேட்கும், அர்த்தமோ பலத்தை உறிஞ்சிவிடுவது. 'டிஸின்ட்ரஸ்டட்' என்பது அக்கறையில்லாதவர் அல்ல, பட்சபாதம் இல்லாதவர். 'ஹஸ்பண்ட்' வினைச்சொல்லாக வந்தால், உள்ளதைப் பார்த்துப் பார்த்துச் சிக்கனமாகச் செலவிடுவது! (உங்கள் வீட்டில் அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

குடும்பம் குடும்பமாகப் படித்தால் வார்த்தை ஒட்டும். நம் வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று. பழைய கிரேக்க வைத்தியத்தில் நாலு: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். எது மிகுதியோ அதன்படி குணம் என்று நம்பினார்கள். இரத்தம் மிகுந்தவர் 'சாங்குவின்', உற்சாகமும் நம்பிக்கையும் நிறைந்தவர். கபம் மிகுந்தவர் 'ஃப்ளெக்மாடிக்', இடி விழுந்தாலும் அசையாத ஆசாமி. மஞ்சள் பித்தம் ஏறினால் 'காலரிக்', சிடுசிடுப்பு. 'பிலியஸ்' என்பதும் கிட்டத்தட்ட அதே. கரும்பித்தம் 'மெலன்கலி', காரணமில்லாத துயரம். 'அவனுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ஐந்தும் மறக்குமா? அப்படியே வீட்டில் யார் யார் எது என்று பெயர் வைத்துவிடுங்கள், சத்தம் போடாமல்.

மறதியைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அது உங்கள் குறையில்லை, மூளையின் வழக்கம். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் எழுதி வைத்திருக்கிறார்: படித்ததில் பெரும்பங்கு முதல் ஒன்றிரண்டு நாளிலேயே நழுவிவிடுகிறது, விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. இதை வைத்து 1970களில் ஸெபாஸ்டியன் லெய்ட்னர் என்பவர் அறைகள் உள்ள ஒரு பெட்டி முறையைப் பிரபலப்படுத்தினார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் அஞ்சறைப் பெட்டியேதான்!

பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வார்த்தை. மறுபக்கம் அர்த்தமும், நீங்களே எழுதின ஒரு வாக்கியமும். அகராதி வாக்கியத்தைக் காப்பி அடிக்கக் கூடாது. 'என் மாமனார் டாசிடர்ன்' என்று உங்கள் வீட்டு வாக்கியமாக இருக்கட்டும். தினம் எட்டு வார்த்தை போதும், பத்தைத் தாண்ட வேண்டாம். புது அட்டை முதல் அறையில். ஞாபகம் இருந்தால் அடுத்த அறைக்குப் போகும். மறந்தால், எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்ப வேண்டும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை நாலு நாளுக்கொரு தரம், நாலாவதை வாரம் ஒரு தரம், கடைசியைப் பதினைந்து நாளுக்கொரு தரம் புரட்டுங்கள். இதற்கு மாமியாரின் இரண்டு மணி நேரத்தைத் தொட வேண்டியதில்லை. குக்கர் விசில் வருவதற்குள் பத்து அட்டை பார்த்துவிடலாம். நாலு மாதத்தில் எண்ணூறு, தொள்ளாயிரம் வார்த்தை ஆகும். வாக்கியத்தோடு தெரிந்த எண்ணூறு, மூவாயிரத்தை அடித்துவிடும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

அந்த மத்தியான நேரம் படிப்பதற்கு மட்டும். பரீட்சைப் பத்திகள் விஞ்ஞானம், சமூகம், கலை, வியாபாரம் என்று எதிலிருந்தும் வரும். பெரும்பாலும் ஒரே பாராதான். கதை படித்துப் பழகிய கைக்கு இது சட்டென்று வசப்படாது. இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கம் ஒன்று, விஞ்ஞானக் கட்டுரை ஒன்று என்று நாளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அகராதியைத் தொடாமல் படித்து, மூடி வைத்துவிட்டு, 'இவர் எதற்காக இதை எழுதினார்? எந்த இடத்தில் பேச்சை மாற்றினார்?' என்று இரண்டே வரி தமிழில் எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் படிக்கவில்லை என்று அர்த்தம். அகராதி அப்புறம்.

ஓர் எச்சரிக்கை. நமக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பத்தியில் வந்தால்தான் ஆபத்து. மஞ்சளைப் பற்றியோ தாய்ப்பாலைப் பற்றியோ வந்தால், நாம் அறிந்த உண்மையை விடையாகப் போட்டுவிட்டு வருவோம். உலகத்தில் அது உண்மையாக இருக்கலாம். அந்தப் பத்தி அதைச் சொல்லியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. விடைக்கு ஆதாரமான வரியை விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த விடை வேண்டாம்.

கடைசி ஆறு வாரம் கடிகாரம் வைத்துச் செய்யுங்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிஷம்தான். முழிக்க வைக்கிற கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு மேலே போகலாம். அதே பிரிவுக்குள் திரும்பி வர அனுமதி உண்டு. தப்புக்கு மார்க் குறைப்பதில்லை, ஆகவே ஒன்றையும் காலியாக விடாதீர்கள். முதல் பிரிவை நன்றாகச் செய்தால் இரண்டாவது கடினமாக வரும். அதைப் பார்த்து, 'எனக்கு ஒன்றும் தெரியலையே' என்று கை நடுங்க வேண்டாம், அது நல்ல சகுனம். பரீட்சை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே பவர்ப்ரெப் என்ற மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதே எழுதிப் பாருங்கள், இன்னொன்றைப் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால். அந்த ஒரு நாள் மட்டும் மாமியாரிடம் காலை நேரம் முழுவதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில், நீங்கள் சேர நினைக்கிற துறை இந்த மார்க்கைக் கேட்கிறதா என்று அதன் விண்ணப்பப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு பல இடங்களில் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று போட்டிருந்தால், படிப்பில் ஆறு வருஷ இடைவெளி உள்ள உங்களுக்கு நல்ல மார்க் பேசும் என்றே நினைக்கிறேன்.

வீட்டிலிருந்தபடியே எழுதவும் வசதி உண்டு. ஆனால் நீங்கள் மையத்துக்குப் போய் எழுதுங்கள். வீட்டில் எழுதும்போது அறைக்குள் வேறு யாரும் நுழையக் கூடாது என்பது விதி, "அம்மா!" என்று கதவைத் தட்டுகிற இரண்டரை வயதுக்கு எந்த விதி தெரியும்? மார்க் குறைந்தால் 21 நாள் கழித்து மறுபடி எழுதலாம். வந்த மார்க் ஐந்து வருஷம் செல்லும். பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு நிதானமாக விண்ணப்பம் போட்டாலும் அது செல்லுபடியாகும்.