ஸ்கேனில் தெரியாத காயம்

2020 ஜனவரி 8-ஆம் நாள் அதிகாலையில், ஈராக்கிலுள்ள அல் ஆசாத் விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியபோது, அமெரிக்க வீரர் எவருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. சில நாட்கள் கழித்து 11 பேர் என்றார்கள். பிறகு 34, 50, 64 என்று கூடிக்கொண்டே போய், இறுதியில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அத்தனை பேருக்கும் மூளையில் அதிர்ச்சிக் காயம். அன்றைய அதிபர் டிரம்ப்போ அதைத் தலைவலி என்று குறிப்பிட்டு, பெரிய காயமாகத் தாம் கருதவில்லை என்றார்.

எங்கோ நடந்ததுதானே என்று நாம் கடந்துபோக முடியவில்லை. சூலூரில் விமானப்படைத் தளம், ரெட்ஃபீல்ட்ஸில் கடற்படை வளாகம், வெள்ளலூரில் அதிவிரைவுப் படை, மலையேறினால் வெலிங்டன் என்று சீருடையோடு பழகிய பகுதி நம்முடையது. ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பலர் இன்று நம் மில்களிலும் வணிக வளாகங்களிலும் காவல் பணியில் இருக்கிறார்கள். சோமனூர் பக்கம் வீடு சந்திக்கச் சென்றபோது அப்படி ஒருவரைக் கண்டோம். காஷ்மீரில் அவர் சென்ற வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. உடலில் ஒரு கீறல்கூட இல்லை. ஊர் திரும்பி ஆண்டுகள் பலவாகியும், பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுகிறார். "தறி நின்னாலும் தலைக்குள்ள ஓடிட்டே இருக்குதுங்க சாமி" என்றார். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னு சொல்லீட்டாங்க. ஊருக்குள்ள எல்லாரும் குடின்னு பேசறாங்க" என்றார் அவருடைய மனைவி.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் என்ன பொருள்? எலும்பு முறிவும் இரத்தக்கசிவும் இல்லை என்பது மட்டுமே. வெடியின் வேகத்தில் தலை குலுங்கும்போது, மண்டையோட்டுக்குள் மூளையும் குலுங்கி, நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. வண்டியின் இரும்புத் தகடு சிதறும் துண்டுகளைத் தடுக்கும்; இந்தக் குலுக்கலைத் தடுக்காது. வழக்கமான சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. தலைவலி, தலைசுற்றல், தூக்கமின்மை, மறதி, சத்தமும் வெளிச்சமும் தாங்காமை, காரணமில்லாத கோபம் என்று வீட்டார்தான் அதைக் காண்கிறார்கள். முதல் உலகப் போரில் இத்தகையவர்களைப் பற்றி 1915-இல் மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 'லான்செட்' இதழில் எழுதினார். அப்போதும் கோழைகள் என்ற பேச்சுதான் முந்திக்கொண்டது.

பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள் என்பது நல்ல செய்தி. முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை, இலேசான வேலை. இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பதை மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை. ஆறுமுன் மறுபடி அடிபடுவதுதான் பெரிய ஆபத்து. வெடி நிகழ்ந்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் இருந்தவர், நலமாயிருப்பதாகச் சொன்னாலும் பரிசோதிக்கப்பட்டு 24 மணி நேரம் ஓய்வில் வைக்கப்பட வேண்டும் என அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2012-இல் விதித்தது இதனால்தான். படைவீரரிடம் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்பாரே!

நாட்பட்ட தொல்லைக்கும் வழியுண்டு. தலைவலிக்கு மருந்து, சமநிலைக்கான பயிற்சி, தூக்கத்தைச் சீராக்குதல், மனநல ஆலோசனை எல்லாம் உதவுகின்றன. ஆனால் இரவுக் காவல் வேலை தூக்கத்தைக் கெடுக்கிறது. கேன்டீன் மது மிச்சத்தையும் கெடுக்கிறது. நம்மவர் குடிப்பது உண்மைதான், மறைப்பானேன்? தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியவர் அவர்.

காகிதமும் முக்கியம். படையில் சேர்ந்தபோது குறிப்பிடப்படாத நோய், பணியால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவருக்கு இருந்தது வலிப்பு நோய். இருப்பினும் வெடிவிபத்து பற்றிய பதிவு கையில் இல்லாதவர் அலைய வேண்டியதுதான். முப்படைகளில் ஓய்வூதியம் பெறுவோருக்கு 2003-இல் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டமும், கோவையில் அதன் மருத்துவமனையும் உண்டு. அதே கண்ணிவெடிகளைச் சந்திக்கும் சி.ஆர்.பி.எஃப். வீரருக்கு அத்திட்டத்தில் இடமில்லை. இந்த வேறுபாடு நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

சோமனூர்க்காரரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அன்று எவ்வளவு நேரம் நினைவில்லை என்று மருத்துவர் கேட்டதும், அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லையாம். இப்போது பகல் வேலைக்கு மாற்றும்படி மில்லில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.