கற்றாழை வாடுகிறதா?

சகோதரிகளே, வாசலில் வைத்த சோற்றுக் கற்றாழையின் மடல் மஞ்சளித்துக் கொழகொழக்கிறதா? தாகமென்று எண்ணித் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள்! தண்ணீர் மிகுந்து வேர் அழுகியிருக்கும். மடல் மெலிந்து சுருண்டால்தான் தாகம்.

செடியைப் பிடுங்கி, கறுத்துக் குழைந்த வேர்களைச் சுத்தமான கத்தியால் நறுக்குங்கள். 3 நாள் நிழலில் காயவிடுங்கள். மண்ணும் ஆற்று மணலும் சரிபாதி கலந்து நடுங்கள். பழைய மைலோ டின் என்றால் அடியில் ஆணியால் துளையிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். மழையில் நனையவும் விடாதீர்கள். கிளேபாங் கடற்கரை மணல் ஆகாது. உப்பு வேரைக் கெடுக்கும்.

அடித்தண்டே அழுகிவிட்டதா? பக்கக் கன்று நன்றாயிருந்தால் பிரித்து நடுங்கள். தோட்டத்து லயத்தை விட்டு வந்தபோது அம்மா சுமந்துவந்த செடியல்லவா? அதன் வம்சம் உங்கள் வாசலில் தழைக்கட்டும்!