அளக்க வேண்டியது யாரை?

சிதறால் மலையில் சமணர் குகையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். கீழே எங்க காலனிக்கு வருவது கணக்கெடுக்கிறவர்கள் மட்டும்தான். ஆஸ்பத்திரியிலும் அவர்கள் விடவில்லை.

நெஞ்சுவலி என்று சித்தியைச் சேர்த்த மூன்றாம் நாள், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தாளோடு வந்தார். பத்தே கேள்வி. காரியம் ஆகணும்னா ஆட்கள் பொய் சொல்வாங்களா? யாரையும் நம்பாம இருக்கிறது நல்லதா? சித்தி எல்லாத்துக்கும் 'ஆமா' என்றாள். கூட்டிப் பார்த்தவர், "அம்மாவுக்குப் பகைமை உணர்வு அதிகம், இருதயத்துக்கு நல்லதில்ல" என்றார்.

"நான் யாருட்ட மக்களே சண்டைக்குப் போனேன்?" என்று என்னைக் கேட்டாள் சித்தி.

பக்கத்துக் கட்டிலுக்கு மாத்திரையைக் கையில் கொடுத்த நர்ஸ், எங்க ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தறிந்த பிறகு, சித்திக்கு மட்டும் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். இதற்கு அந்தத் தாளில் கேள்வி கிடையாது.

இந்த அளவுகோலின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். 1954-ல் அமெரிக்காவில் குக், மெட்லி என்ற இருவர், பெரிய உளவியல் வினாத்தொகுப்பு ஒன்றிலிருந்து 50 வாசகங்களைப் பொறுக்கியெடுத்தார்கள். இப்போது புழங்கும் சின்னத் தாள்களில் பல அதிலிருந்து நறுக்கியவை. எதற்காகப் பொறுக்கினார்கள்? மாணவர்களோடு ஒத்துப்போகாத வாத்தியார்களைக் கண்டுபிடிக்க! 1983-ல் இதை இருதய நோயோடு இணைத்துக் காட்டிய ஆய்வில் அளக்கப்பட்டவர்கள் 255 டாக்டர்கள். மருத்துவ மாணவர்களாக எழுதிய பதில்களை வைத்து 25 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆக, பிரம்பு பிடித்தவனையும் ஸ்டெதாஸ்கோப் மாட்டியவனையும் அளந்த கோல் இது. நம்மூருக்கு வந்ததும் கட்டிலில் கிடப்பவள் பக்கம் திரும்பிவிட்டது.

1991-ல் வெளியான அமெரிக்க ஆய்விலும் வெள்ளையரல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும்தான் மதிப்பெண் கூடுதல். கூடாமல் என்ன செய்யும்? பட்டவனின் அறிவுக்கு இவர்கள் வைத்த பெயர் பகைமை.

கோபம் இருதயத்தைக் கெடுக்காதா என்பார்கள். கெடுக்கட்டும், நான் மறுக்கவில்லை. அந்தக் கோபத்தை உண்டாக்கியவன் கணக்கு எங்கே? 2001-02-ல் தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆய்வு செய்தார்கள். மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதார ஊழியர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்தார்கள். அந்த மறுப்புக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

கேட்க முடியாததல்ல. டேவிட் வில்லியம்ஸ் என்ற கறுப்பின ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1997-ல் 9 கேள்வி கொண்ட தாள் ஒன்றை வெளியிட்டார்கள். உன்னை மரியாதைக் குறைவாக நடத்தினார்களா, மற்றவர்களைவிட மோசமாகக் கவனித்தார்களா என்று கேட்கிற தாள். அதைச் சாதிக்கு ஏற்ப மாற்றி நோயாளி கையில் கொடுங்கள். பழைய 50-ஐ ஊழியர்களிடமே கொண்டுபோங்கள்.

அந்த மாணவரிடம் சொன்னேன்: "தம்பி, நர்ஸ் ரூமிலயும் டாக்டர் ரூமிலயும் ஆளுக்கொரு தாள் குடுங்க."

"அதுக்கு அனுமதி கெடைக்காது சார்" என்றார்.