வாடகை வீட்டில் எரிந்தது யாருடைய பொருள்?



2025ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், திருப்பூர் எம்.ஜி.ஆர். நகரில் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்துப் பரவிய தீயில் 42 தகரக் கொட்டகை வீடுகள் எரிந்து சாம்பலாயின. அவற்றில் வாடகைக்கு வாழ்ந்தோர் தொழிலாளர் குடும்பத்தினர். பெரும்பாலோர் வேலைக்குச் சென்றிருந்தமையால் உயிர்கள் தப்பின, உடைமைகள் தப்பவில்லை.

நம் வீரபாண்டியிலும் லைன் வீடுகளுக்குக் குறைவில்லை. இரு வீட்டுக்கு ஒரு சுவர், எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை. இங்கு வாழ்வோரிடம் காப்பீட்டைப் பற்றிப் பேசினால், "அதெல்லாம் வீட்டுக்காரர் பார்த்துக்குவாருங்க, சாமி" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது.

வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டார். அவர் மனம் கல் என்பதனாலன்று. அவர் எடுத்த காப்பீடு அவருடைய சுவருக்கும் கூரைக்கும் உரியது. குடியிருப்பவரின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் தொலைக்காட்சிக்கும் அதிலிருந்து ஒரு காசும் வராது.

2021 ஏப்ரல் 1 முதல், 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுக் காப்பீடு நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. தீ, மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் ஆகியவற்றால் நேரும் இழப்பை அது ஈடு செய்கிறது. கட்டடத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் அதனைப் பெறலாம் என்பதைத்தான் வாடகைக்கு இருப்போர் அறிய வேண்டும். கொட்டகை வீடாயின் அதனை முன்னரே தெரிவித்து, ஏற்புடையதா என எழுத்தில் கேட்டுப் பெறுதல் நன்று.

சொந்த வீடு உடையோர் நிலத்தின் விலையைச் சேர்த்துக் கணக்கிட வேண்டா, நிலம் எரிவதில்லை. மீண்டும் கட்ட ஆகும் செலவே கணக்கு. கட்டடத்தை 20 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால், அதில் 20 விழுக்காடு, அதாவது 4 லட்சம், உள்ளிருக்கும் வீட்டுப் பொருள்களுக்குத் தானாகவே சேரும். உச்ச வரம்பு 10 லட்சம். நகைகளைத் தனியே குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணத்துக்கு இடமில்லை. வங்கிக் கடனில் வீடு கட்டியவர்கள் வங்கியில் விசாரிக்கட்டும். தம் பெயரில் காப்பீடு இருப்பதையே அறியாதவர் பலர்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முன்னறையில் ஓவர்லாக் இயந்திரம் போட்டு, பனியன் கம்பெனியின் துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் குடும்பங்கள் எத்தனை! அவ்வியந்திரமும் துணிக்கட்டும் வீட்டுப் பொருள்கள் அல்ல, தொழிற்பொருள்கள். அவற்றுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்னும் சிறுதொழிற் காப்பீடு தனியே உள்ளது.

எரிவாயு விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்களே காப்பீடு செய்துள்ளன என்பது உண்மையே. உயிரிழந்தவர் ஒருவருக்கு 6 லட்சம். பொருட்சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால், அந்தப் பொருட்சேதம் இணைப்பு பதிவான முகவரியில் நேர்ந்திருக்க வேண்டும். ஊரிலுள்ள மாமன் பெயரில் சிலிண்டர் வாங்கி இங்கு அடுப்பெரிப்பவர் எதைக் காட்டிக் கேட்பார்?

"கடவுள் காப்பார், காப்பீடு எதற்கு?" என்போரும் உளர். அவர்களும் இரவில் கதவைத் தாழிட்டே உறங்குகின்றனர்.

தீ மட்டுமே அச்சமன்று. 2011 நவம்பரில் நொய்யலும் ஜம்மனை ஓடையும் பெருக்கெடுத்துத் திருப்பூரின் தாழ்வான பகுதிகளில் வீடுகளை வாரிச் சென்றதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

பொருள்களைப் படமெடுத்து, வாங்கிய ரசீதுகளுடன் நகலொன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள். இழப்பு நேரின் உடனே நிறுவனத்துக்கு அறிவித்து, தீயணைப்பு நிலையத்தின் சான்றைப் பெறுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்குமுன் எரிந்தவற்றை அள்ளி எறியாதீர்கள். நிறுவனம் கைவிரித்தால் முதலில் அதற்கே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தக்க விடை வராவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம்; அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.